சொல்லிக்கொள்ளாமல் புறப்படுதல்

தமிழில் விடைபெறும் சொல்லுக்குள்ளேயே திரும்பி வரும் வாக்கும் இருக்கிறது. 'போறேன்' என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினால் பெரியவர்கள் கண்டிப்பார்கள். தென்காசி வட்டாரத்தில் 'போயிட்டு வாரேன்' என்பார்கள். அவசரத்தில் அது வெறும் 'வாரேன்' என்று சுருங்கிவிடும். போகிறவர் வாயில் வருகைதான் மிஞ்சுகிறது. சபரிமலைக்கு மாலையிட்டு, ஒரு மண்டலம் விரதமிருந்து, இருமுடியைத் தலையில் ஏற்றியவர் மட்டும் இந்தச் சொல்லை விட்டுவிடுகிறார். வாசலில் தேங்காய் உடைபடும், சரணம் முழங்கும், பெற்றவர்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் அவர் தெருவில் இறங்குவார். காட்டுவழியில் போனவர் திரும்புவது நிச்சயமில்லாத காலத்தில் பிறந்த வழக்கம் இது என்பது ஒரு விளக்கம். 'வருவேன்' என்ற வாக்கே மனத்தைப் பின்னால் இழுக்கும் கயிறு என்பது இன்னொன்று.

வீட்டை விட்டுப் புறப்படுவது ஒரே ஒரு முறை. அதற்கு நாற்பத்தொரு நாள் ஆயத்தமும் உண்டு. வழியில் தங்கிய ஊரை விட்டுப் புறப்பட ஆயத்தம் ஏதும் கிடையாது. நேற்று மாலை வரை முகம் தெரியாத ஒருவர் வெந்நீர் வைத்துத் தந்திருப்பார், இலை போட்டிருப்பார், பாயும் விரித்திருப்பார். விடிந்ததும் அவரை விட்டுப் போக வேண்டும். அன்பு காட்டிய ஊரை விட்டு நடப்பது நன்றி மறத்தலா, பற்றறுத்தலா? இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போனால் அது அந்த அன்புக்குச் செய்யும் மரியாதையா, விரதத்துக்கு வரும் ஊறா? கால்நடையாய்க் கும்பிடப் போகிறவர்கள் எந்தச் சமயத்தாராக இருந்தாலும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். தென்காசி அதை ஒவ்வொரு கார்த்திகையிலும் எழுப்புகிறது. அந்த ஊர் இருக்கும் இடம் அப்படிப்பட்டது.

மதுரையிலிருந்து தென்காசி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நடந்து வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று மலையை வலப்புறம் வைத்தபடியே வருகிறார்கள். வெறுங்காலில் ஐந்தாறு நாள் தார்ச்சாலை. தென்காசிக்கு அப்பால் செங்கோட்டை, புளியரை. அதன் பின் சாலை மலையேறி ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைந்து கேரளத்துக்குள் இறங்கும். சமவெளியின் கடைசிப் பெரிய ஊர் என்று தென்காசியைச் சொல்லலாம். 5 கிலோமீட்டர் மேற்கே குற்றாலம். ஆனியிலும் ஆடியிலும் சாரலுக்காக வருகிற கூட்டம் வேறு. வடகிழக்கு மழையில் அருவிகள் மறுபடி நிறையும் கார்த்திகையில் வருவது கறுப்பும் நீலமும் காவியும் உடுத்த கூட்டம். பேரருவியில் குளித்து, குற்றாலநாதரைக் கும்பிட்ட பிறகே மேலே போவது குழுவை நடத்தும் குருசாமிமார் பலர் வகுத்த வழி. இன்று பெரும்பாலோர் வேனிலும் பேருந்திலும்தான் வருகிறார்கள். நடக்கிறவர்கள் குறைவு, ஆனால் ஆண்டு தவறுவதில்லை.

ஐந்தாறு நாள் நடந்த காலுக்கு இந்த ஊர் எப்படிப்பட்டது என்பதை நடந்தவர்களே அறிவார்கள். கொப்புளம் உடைந்த பாதத்தின் மேல் அருவித் தண்ணீர் விழுகிறது. மேற்கே மலை, கணவாய் வழியே வரும் காற்றில் கரிசல் காட்டு வெக்கை கிடையாது. சாலையோரப் பந்தலிலிருந்து 'சாமி, சாப்பிட்டுட்டுப் போங்க' என்ற குரல் வரும். அழைப்பவர் வயதில் மூத்தவராக இருந்தாலும், கடைவீதியில் எல்லாரும் 'அண்ணாச்சி' என்று வணங்குகிறவராக இருந்தாலும், மாலை போட்ட பத்து வயதுப் பையனையும் 'சாமி' என்றுதான் அழைப்பார். வெள்ளம் கூடிவிட்டால் அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். நாளைக்குத் தடை நீங்கிவிடும், ஒரு நாள் இருந்து குளித்துவிட்டே போகலாமே என்று குழுவில் ஒருவர் மெல்லச் சொல்வார். அந்த இடத்தில்தான் கேள்வி உயிர் பெறுகிறது. ஊரில் பிடிக்காதது ஏதும் இருந்தால் யாருக்கும் கேள்வியே எழாது.

வழியில் தங்குமிடத்துக்கு ஐயப்பமார் வைத்திருக்கும் பெயர் 'விரி'. மண்டபத்திலோ மரத்தடியிலோ துணியை விரித்து, இருமுடியை இறக்கி, பூசை வைத்துப் படுக்கும் இடம். துணியைச் சுருட்டினால் விரி இல்லை. தங்கலைக் கட்டடத்தின் பெயரால் சொல்லாமல் விரித்த துணியின் பெயரால் சொல்லும் இந்த ஒரு சொல்லில் ஒரு முழுத் தத்துவம் அடங்கியிருக்கிறது.

பற்றைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் வீடு, மனை, பொருள் ஆகியவற்றையே எடுத்துக்கொள்கின்றன. வழியில் பிடிக்கும் பற்று அதைவிடப் பொல்லாதது என்று காட்டும் கதை ஒன்று பாகவதத்தில் உண்டு. பரதன் என்ற அரசன் நாட்டையும் குடும்பத்தையும் துறந்து காட்டுக்குப் போய்த் தவம் செய்கிறான். அங்கே தாயை இழந்த மான்குட்டி ஒன்றைக் காப்பாற்றுகிறான். இரக்கத்தில் தொடங்கிய அந்த உறவு மெல்ல மெல்ல அவன் தவத்தைத் தின்றுவிடுகிறது. சாகும்போதும் மானையே நினைத்துச் சாகிறான், மானாகவே பிறக்கிறான். நாட்டை விடும்போது அவன் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தான். மான்குட்டி வந்தபோது கதவு திறந்திருந்தது. அது நல்ல செயலாகவே வந்ததால் அவன் எச்சரிக்கையாக இல்லை. தென்காசியில் 'இன்னும் ஒரு நாள்' என்று சொல்கிற மனமும் அப்படித்தான். ஆசை என்ற பெயரில் வந்தால் விரதக்காரர் விரட்டிவிடுவார், அன்பு என்ற பெயரில் வரும்போது வரவேற்று உட்காரவைப்பார்.

துறவிகளுக்கான பழைய விதிகள் இதை முன்பே கணித்திருக்கின்றன. அலைந்து திரியும் துறவி சிற்றூரில் ஓரிரவு, நகரத்தில் சில இரவுகள் என்று தங்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் இருக்கலாம். பௌத்தத்தில் அது வர்ஷாவாசம், சமணத்திலும் வைதிகத்திலும் சாதுர்மாஸ்யம். பிச்சை எடுப்பதிலும் அளவு உண்டு: தேனீ பூவுக்குப் பூ கொஞ்சம் எடுப்பதுபோல வீட்டுக்கு வீடு கொஞ்சம் வாங்குவதற்கு மாதுகரம் என்று பெயர். இந்த விதிகளுக்கு இரண்டு முகம். ஊரின் மேல் துறவிக்குப் பற்று வரக்கூடாது என்பது ஒன்று. துறவி ஊருக்குச் சுமையாகக்கூடாது என்பது மற்றொன்று. இதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இஸ்லாத்தில் இந்த இரண்டாவது முகம் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. விருந்து மூன்று நாள். அதற்கு மேல் தருவது தர்மம். விருந்தளிப்பவருக்கு இடைஞ்சலாகும் அளவுக்கு விருந்தாளி தங்கக்கூடாது என்பது நபிமொழி. தென்காசிப் பகுதியில் பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்குச் சமய வேறுபாடின்றி நேர்ச்சைக்கு வந்து தங்குகிறவர்களை உபசரிக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கணக்கு புதிதன்று. தமிழ்நாட்டுச் சத்திரங்கள் பலவற்றிலும் மூன்று நாள் கெடு இருந்தது. ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரை வழியில் உள்ள பொது விடுதிகள் பலவற்றில் நோயாளி தவிர வேறு எவரும் ஓரிரவுக்கு மேல் தங்க முடியாது. இன்று வந்தவர் எழுந்தால்தான் நாளை வருபவருக்குப் பாய். அன்பு குறைந்து போட்ட விதி அல்ல அது.

ஆனாலும் நன்றிக் கேள்வி இதனால் தீர்ந்துவிடுவதில்லை. செய்ந்நன்றியைத் தமிழ் அறநூல்கள் எவ்வளவு கடுமையாகப் பேசுகின்றன என்பது தெரிந்ததே. திருக்குறள் அதற்கென்று ஒரு முழு அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. நன்றி கொன்றவனுக்கு உய்வில்லை என்பது அதன் முடிவு. தான் முன்பு ஏதும் செய்யாதிருக்க ஒருவர் செய்த உதவிக்கு மண்ணும் விண்ணும் ஈடாகா என்றும் அங்கே சொல்லப்படுகிறது. வழிப்போக்கனுக்கு ஊரார் செய்வது முழுக்க முழுக்க இந்த வகை. அவன் அவர்களுக்கு எதுவும் செய்ததில்லை, செய்யப்போவதும் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

விடை விருந்தோம்பல் அதிகாரத்திலேயே பாதி இருக்கிறது. வந்த விருந்தைப் பேணிவிட்டு, இனி வரும் விருந்துக்கு வழி பார்த்து நிற்பவனைத்தான் வள்ளுவர் மேலான விருந்தோம்பியாகக் காட்டுகிறார். வந்தவர் எழுந்து போகாமல் அடுத்தவருக்கு வழி பார்ப்பது எப்படி? போவதை உள்ளடக்கியதுதான் விருந்து. மறுபாதியைச் சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை தருகிறது. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் சோழன் கரிகாலனிடம் தங்கிய பொருநன் என்ற கலைஞன் அல்லும் பகலும் உண்டு, உழும் கொழுவைப் போலப் பல் மழுங்கிப்போன பிறகு, ஊர் திரும்ப விடை கேட்கிறான். எங்கள் கூட்டத்தை விட்டுப் போகிறீர்களா என்று மன்னன் சினந்தவன்போலப் பார்க்கிறான். பிறகு களிறும் பிடியும் கொடுத்து அனுப்புகிறான். பரிசில் பெற்றவர் தேரேறிப் போகும்போது, தானே காலால் ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்பும் அரசனை அந்தப் பாட்டு காட்டுகிறது. ஏழடி மட்டும். கொடுப்பவனின் பற்றுக்கும் அங்கே ஒரு அளவு போடப்பட்டிருக்கிறது.

பாட்டின் அமைப்பு இன்னும் கவனிக்கத்தக்கது. இவ்வளவையும் பொருநன் யாரிடம் சொல்கிறான்? தன்னைப்போலவே வறுமையோடு வழியில் எதிர்ப்படும் வேறொரு பொருநனிடம். நான் போன வழியில் நீயும் போ என்கிறான். அவன் கரிகாலன் அவையிலேயே தங்கியிருந்தால் இந்தச் சந்திப்பே நிகழாது. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே பிறந்திருக்காது. கொடுத்தவனுக்கு அவன் எதையும் திருப்பித் தரவில்லை. பெற்றதை அடுத்தவனுக்கு வழியாக மாற்றித் தருகிறான். நன்றி பின்னோக்கிப் போவதற்குப் பதில் முன்னோக்கி நடக்கிறது. தமிழ் மரபு இந்தக் கேள்விக்குத் தந்த பதில்களில் இதைவிட ஆழமானது வேறில்லை. முதல் ஆண்டு கன்னிசாமியாக வந்து சோறு உண்டவர், பத்தாம் ஆண்டு குருசாமியாக வேறு பத்துப் பேரை அழைத்து வந்து, எந்த ஊரில் எந்த மண்டபத்தில் விரி வைக்கலாம் என்று சொல்லிக் கொடுக்கும்போது அந்தப் பழைய ஆற்றுப்படை வாய்மொழியாக இன்றும் நடக்கிறது.

ஊராரின் பக்கமிருந்து பார்த்தாலும் இதுவே தெளிவாகிறது. சோறு போட்டவர் அதோடு நிற்பதில்லை. ஒரு காசைச் சாமியின் கையில் கொடுத்து, எங்களுக்காகவும் உண்டியலில் போட்டுக் கும்பிட்டுக்கோங்க என்பார். போக முடியாத முதியவர், படுக்கையில் இருப்பவர், பிள்ளைக்காக நேர்ந்தவர் எல்லாரும் அந்தக் காசில் ஏறிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். இருமுடியின் முன்முடியில் நெய்த்தேங்காயும் பூசைப் பொருள்களும் இருக்கும். பின்முடியில் வழிக்கான அரிசியும் பிறவும். பின்முடி வழியெல்லாம் கரையும். முன்முடி சன்னிதானம் வரை அவிழாது. ஊர் தரும் சோறு பின்முடியின் இனம், ஊர் தரும் காசு முன்முடியின் இனம். இரண்டாவதை வாங்கிக்கொண்ட பிறகு தங்கிவிடுவதுதான் உண்மையில் நன்றி கொல்லும் செயல்.

ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடக்கும் யாத்திரை உண்டு. வழியோர மக்கள் யாத்திரிகருக்குப் பழமும் தேநீரும் காசும் தருவதை ஒசெத்தாய் என்கிறார்கள். யாத்திரிகர் தனியாக நடப்பதில்லை, கோபோ தைஷி என்ற மகான் கூடவே நடக்கிறார் என்பது நம்பிக்கை. ஆகவே கொடுத்தது அவருக்குக் கொடுத்ததாகும், மறுப்பதும் முறையன்று. பெற்றவர் தன் பெயர் எழுதிய சீட்டொன்றைத் தந்துவிட்டு நடையைத் தொடர்கிறார். மாலை போட்ட எவரையும் 'சாமி' என்று அழைக்கும் தென்காசி வழக்கமும் அதே இடத்தில் நிற்கிறது. விருந்துண்பவர் இன்னாரின் மகன் இன்னார் அல்லர். அந்த நாளுக்கு அவர் ஐயப்பன். சாமி வரும், போகும். ஆளுக்கு ஆள் ஏற்படும் கடன் அங்கே எழுதப்படுவதில்லை.

போகாமல் தங்கியவர்களும் உண்டு. கணவாய்க்கு அப்பால் ஆரியங்காவில் சொல்லப்படும் கதை அவர்களில் முதன்மையானது. மதுரைச் சௌராஷ்டிர வணிகர் ஒருவர் திருவிதாங்கூருக்குத் துணி விற்கப் போகிறார். உடன் வந்த மகள் புஷ்கலை ஆரியங்காவைத் தாண்டிக் காட்டுக்குள் வர முடியாமல் கோயில் அர்ச்சகர் வீட்டில் தங்குகிறாள். தந்தை மட்டும் மேலே போகிறார். காட்டில் யானையிடமிருந்து ஒரு வேடன் அவரைக் காக்க, மகிழ்ந்து பட்டாடை ஒன்றைப் பரிசளிக்கிறார். வேடன் அவருடைய மகளை மணக்கக் கேட்க, அவரும் இசைகிறார். திரும்பி வந்து பார்த்தால் மகள் இல்லை. சன்னிதியில் சாஸ்தாவான ஐயப்பனின் மேல் அந்தப் பட்டாடை. அவள் இறைவனோடு கலந்துவிட்டாள். இன்றும் ஆண்டுதோறும் மண்டல காலத்தின் முடிவில் மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராக ஆரியங்காவுக்குப் போய்த் திருக்கல்யாணத்தில் கலந்துகொள்கிறார்கள். அவளுக்கு இடைத்தங்கலே இலக்காக ஆகிவிட்டது. நடப்பதற்காக நடப்பதில்லை, சேர்வதற்காகவே நடக்கிறோம் என்பவர்கள் இவளைச் சான்றாகக் காட்டலாம். சான்று வலுவானதுதான். ஆனால் அவள் ஊரின் சுகத்துக்காகத் தங்கவில்லை; போய்ச் சேர வேண்டிய இடம் வந்துவிட்டதால் தங்கினாள். குற்றாலத்தில் மடம் அமைத்துத் தங்கிவிட்ட மௌன சுவாமியைப் போன்ற துறவிகளுக்கும் இதுவே பொருந்தும். எல்லாரும் அப்படித் தங்க முடியாது. தங்குகிறவர் தன் வழி முடிந்துவிட்டது என்பதை உண்மையாக அறிந்திருக்க வேண்டும்.

இறைவனும் இந்தப் பாதையில் ஓரிடத்தில் ஒரே நிலையில் இருப்பதாகச் சொல்வதில்லை. குளத்துப்புழையில் பாலகன், ஆரியங்காவில் இளைஞன், அச்சன்கோவிலில் பூரணை புஷ்கலையோடு இல்லறத்தான், சபரிமலையில் யோகத்தில் அமர்ந்த தவசி என்பது மரபு. ஊருக்கு ஊர் ஒரு பருவம் கழிகிறது. நடப்பவர் ஒவ்வொரு ஊரையும் விடும்போது சாஸ்தா விட்ட ஒரு பருவத்தையும் விட்டுப் போகிறார். அச்சன்கோவில் மார்கழித் திருவிழாவுக்காக ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி புனலூர்க் கருவூலத்திலிருந்து காவலோடு புறப்பட்டு, செங்கோட்டை வழியாகத் தென்காசிக்கு வரும். காசி விசுவநாதர் கோயில் முன்னால் அதைக் காணக் கூட்டம் திரண்டு நிற்கும். பெட்டி சிறிது நேரமே நிற்கும். மாலையும் ஆரத்தியும் ஏற்றுக்கொண்டு மலைப்பக்கம் திரும்பிவிடும். சாமியின் நகையே தங்காத ஊர் அது.

தென்காசி எழுந்ததே வழிநடையின் ஒரு துயரத்திலிருந்து என்கிறது தல வரலாறு. தெற்கிலிருந்து காசிக்கு நடந்தவர்களில் பலர் சேராமலே வழியில் இறந்துபோனார்கள். அவர்களுக்காகத் தெற்கிலேயே ஒரு காசி வேண்டும் என்று பராக்கிரம பாண்டியன் கனவில் இறைவன் சொல்ல, எறும்புகள் ஊர்ந்த வரிசையைத் தொடர்ந்து போய் இடம் கண்டு, 1446 இல் கோயில் தொடங்கினான். அந்த மன்னன் கல்வெட்டில் விட்டுச் சென்ற வேண்டுகோள் இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமானது. இந்தக் கோயிலுக்குக் குறை வரும் காலத்தில் அதைத் தீர்த்துக் காக்கப்போகிறவர்கள் யாராயினும் அவர்கள் காலில் தான் விழுவதாகச் சொல்கிறான். கட்டியவன் தானும் ஒரு வழிப்போக்கன் என்று உணர்ந்து, பெயர் தெரியாத பின்வருபவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற அதன் கோபுரம் 1990 இல் மீண்டும் உயர்ந்தது. இன்று சுமார் 180 அடி.

நடைமுறையில் புறப்பாட்டைக் குருசாமி முடிவு செய்கிறார். கால் வலிக்கிறவரிடமும் அருவியில் இன்னொரு முறை குளிக்க விரும்புகிறவரிடமும் அந்த முடிவை விடுவதில்லை. மரபின் நுட்பமான ஏற்பாடு அது. விடியலுக்கு முன் குளியல், பூசை. விரிந்த துணிகள் சுருட்டப்படுகின்றன. கன்னிசாமிக்கு இருமுடியைப் பிறர் தூக்கித் தலையில் வைக்கிறார்கள். மண்டபத்துக்காரர் விழித்திருந்தால் 'சாமி சரணம்' என்ற ஒரு சொல் அவரிடமிருந்து வரும், அதே சொல் திரும்பப் போகும். யாரும் வாரேன் என்பதில்லை.

சபரிமலையிலிருந்து எல்லாரும் இந்த வழியே திரும்புவதில்லை. குமுளி, கம்பம் வழியாக ஊர் போகிறவர்களைத் தென்காசி அந்த ஆண்டு மறுபடி பார்க்காது. செங்கோட்டை வழியாகத் திரும்புகிறவர்கள் அருவிக்கரையில் இறங்குவார்கள், நேந்திரங்காய் வற்றல் வாங்குவார்கள். நினைவு வைத்திருப்பவர் அன்று சோறு போட்ட வாசலைத் தேடிப் போய் அரவணையும் விபூதியும் கொடுப்பார். அப்போது கையேந்தி வாங்குவது அந்த வீட்டுக்காரர்.